டாஸ் கொஞ்சம் தடம் மாறியிருந்தால்... தெரியுமா?

விண்டோஸ் கணினி பக்கத்தில் இருக்கிறதா? டெஸ்க்டாப்பில் ஒரு புது ஃபோல்டரைத் திறந்து, அதற்கு ஆங்கிலத்தில் சி, ஓ, என் என்று மூன்றெழுத்துப் பெயர் வையுங்கள் பார்க்கலாம். முடியாது! தலைகீழாக நின்றாலும் முடியாது! முன்பு ஒரு மின்னஞ்சல் இதையே சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தது. 'இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர், மைக்ரோசாஃப்டே மண்டையைப் பிய்த்துக்கொள்கிறது, பில் கேட்ஸுக்கே விடை தெரியாது' என்று. அதை மெனக்கெட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பிவைத்த புண்ணியவான்களில் நானும் ஒருவன். விடை அவர்களுக்கு நன்றாகவே தெரியும். 'கான்' என்பது கன்சோலின் சுருக்கம். கீபோர்டும் திரையும் சேர்ந்த சாதனத்துக்கு டாஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்த பெயர். கறுப்புத் திரையும் கண்சிமிட்டும் கோடுமாக இருந்த அந்த டாஸ் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அது பட்டா போட்டுக்கொண்ட பெயர்களை இன்னும் யாராலும் மீட்க முடியவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்தப் பூட்டைத் திறக்கும் சாவி 1983-லேயே டாஸுக்குள் இருந்தது! ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த டாஸ் பிறந்த கதை.

அதன் முதல் பெயரே 'கியூடாஸ்'. 'சட்டுபுட்டென்று செய்த அழுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பதன் சுருக்கம். விளையாட்டில்லை, எழுதியவரே வைத்த பெயர்! அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் 'சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ்' என்ற சின்ன நிறுவனம். இன்டெலின் 8086 சில்லு பொருத்திய போர்டை 1979 நவம்பரிலேயே விற்கத் தொடங்கிவிட்டார்கள். சில்லு தயார், போர்டு தயார், அதில் ஓட்ட ஆபரேட்டிங் சிஸ்டம்தான் இல்லை. அன்றைக்குச் சந்தையில் ராஜாவாக இருந்த சிபி/எம், 8086-க்கு 'இதோ வருகிறேன், அதோ வருகிறேன்' என்று இழுத்துக்கொண்டே போனது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டிம் பேட்டர்சன் என்ற 23 வயது இளைஞர், 1980 ஏப்ரலில் தானே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஆகஸ்டில் விற்பனைக்கே வந்துவிட்டது! சிபி/எம் வரும்வரை ஒப்பேற்றலாம் என்று போட்ட ஓலைக் கொட்டகை அது. பிறகு உலகமே அதற்குள் குடிவந்துவிட்டது.

விலை தெரிந்தால் இன்னும் வாயைப் பிளப்பீர்கள். 1980 டிசம்பரில் அதை விற்கும் உரிமைக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 25,000 டாலர். 1981 ஜூலையில் மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ள இன்னொரு 50,000 டாலர். சரியாகப் பதினாறு நாள் கழித்து, ஆகஸ்ட் 12 அன்று, ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டியது, உள்ளே அதே டாஸோடு! வாங்கப்போகிற பெரிய கை ஐபிஎம் என்ற ரகசியத்தை விற்றவரிடம் மைக்ரோசாஃப்ட் மூச்சுவிடவில்லை. பின்னாளில் வழக்காகி, 1986-ல் 9,25,000 டாலர் கொடுத்துத்தான் அந்தக் கணக்கை முடித்தார்கள். அப்படியும் அது கொள்ளை மலிவு என்பேன்.

சிபி/எம் எழுதிய கேரி கில்டாலைப் பற்றி ஒரு கதை கேட்டிருப்பீர்கள். ஐபிஎம் ஆட்கள் கலிபோர்னியாவில் பசிபிக் குரோவ் என்ற கடலோர ஊரில் அவர் வாசலில் வந்து நிற்க, மனிதர் உல்லாசமாக விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால் கோடிகளைக் கோட்டைவிட்டார் என்று. எனக்கு இந்தக் கதையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர் பறந்தது உண்மை, ஆனால் தொழில் விஷயமாக ஒருவரைப் பார்க்கத் தன் விமானத்தில் போனார். வந்தவர்களிடம் பேசியது நிறுவனத்தை நடத்திய அவர் மனைவி டோரதி. ஐபிஎம் நீட்டிய ஒருதலைப்பட்சமான ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்துப் போட அவர் தயங்கினார். எந்த வக்கீலைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்!

அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. டாஸின் கட்டமைப்பு தன் சிபி/எம்மைப் பார்த்துச் செய்தது என்று கில்டால் கொதித்தெழ, ஐபிஎம் இறங்கிவந்து சிபி/எம்-86-ஐயும் தன் கணினிக்கு விற்கச் சம்மதித்தது. ஆக, வாங்குகிறவர் முன்னால் இரண்டு பெட்டிகள். டாஸ் 40 டாலர். சிபி/எம்-86 எவ்வளவு தெரியுமா? 240 டாலர்! அதுவும் மாதக் கணக்கில் தாமதமாக வந்து சேர்ந்தது. எந்தப் பெட்டியில் கை போயிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? அந்த விலைச் சீட்டில் இருந்த ஒரே ஒரு 2 இல்லாமல் போயிருந்தால் இன்று கேட்ஸ் என்ற பெயரை எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் சும்மா யோசித்துப் பார்ப்பதுண்டு.

சிபி/எம் ஜெயித்திருந்தால் நாம் ஃபைலை நகலெடுக்கிற விதமே தலைகீழாக இருந்திருக்கும். டாஸில் 'இதை எடு, அங்கே போடு' என்ற வரிசை. சிபி/எம்மில் 'பிப்' என்றொரு கட்டளை. போய்ச்சேரும் இடத்தை முதலில் எழுதி, சமன் குறி போட்டு, எடுக்கும் இடத்தைப் பிறகு எழுத வேண்டும். முகவரி எழுதிய கவருக்குள் கடிதத்தைப் போடுகிற மாதிரி. பேட்டர்சன் இதைத் திருப்பிப் போட்டார், நாம் பிழைத்தோம். ஆனாலும் கில்டால் நம் கணினியை விட்டு முழுசாகப் போகவில்லை. கணினியைத் தட்டியதும் முதலில் விழித்துக்கொள்கிறதே 'பயாஸ்', அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்! டிரைவுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வைக்கும் பழக்கமும் சிபி/எம் வழியாக டாஸுக்கு வந்த சீர்வரிசை.

'640 கிலோபைட் யாருக்கும் போதும்' என்று கேட்ஸ் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. அவர் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது, அவரும் மறுத்திருக்கிறார். அது போகட்டும். அந்த 640 டாஸ் போட்ட எல்லையே இல்லை, தெரியுமா? சில்லுக்கு எட்டியது மொத்தம் 1,024 கிலோபைட். அதை 64, 64-ஆகப் பதினாறு மனையாகப் பிரித்த ஐபிஎம், பத்து மனையை நிரல்களுக்குக் கொடுத்துவிட்டு, மேலே இருந்த ஆறைத் திரைக்கும் ரோம் (படிக்க மட்டுமான) சில்லுகளுக்கும் ஒதுக்கியது. விக்டர் 9000 என்று அதே காலத்தில் இன்னொரு கணினி. 6502 சில்லை உருவாக்கிய சக் பெடில் வடிவமைத்தது. ஓடியது மைக்ரோசாஃப்டின் அதே எம்எஸ்-டாஸ்தான், ஆனால் 896 கிலோபைட் மெமரி போடலாம்! கூடுதலாக நான்கு மனை! ஐபிஎம் கோடு கிழித்த இடம் கொஞ்சம் மேலே போயிருந்தால், 'மெமரி போதவில்லை' என்று உலகம் முழுக்க விழுந்த கண்ணீரில் பாதி மிச்சமாகியிருக்கும்.

இந்த மெமரிக் கூத்தின் உச்சத்தைக் கேளுங்கள். பழைய சில்லில் முகவரி ஒரு மெகாபைட்டைத் தாண்டினால் வண்டியின் மைலேஜ் மீட்டர் போல மறுபடி சுழியத்துக்கே திரும்பிவிடும். சில நிரல்கள் இந்தக் கோளாறையே நம்பி எழுதப்பட்டிருந்தன. 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் 80286 சில்லுக்கு ஒரு மெகாபைட்டைத் தாண்டியும் ஒழுங்காக எண்ணத் தெரிந்தது. ஒழுங்காக எண்ணியதால் பழைய நிரல்கள் படுத்துவிடுமே! என்ன செய்தார்கள் தெரியுமா? இருபத்தோராவது முகவரிக் கம்பியின் குறுக்கே ஒரு கதவு வைத்தார்கள். அந்தக் கதவின் சாவியைக் கொண்டுபோய்ச் செருகிய இடம்... கீபோர்டைக் கவனிக்கும் சில்லு! அதில்தான் ஒரு கால் சும்மா இருந்ததாம். மெமரியைத் திறக்க கீபோர்டிடம் அனுமதி கேட்கும் இந்த விநோதத்தை, பின்னால் வந்த கணினிகளும் வழிவழியாகச் சுமந்தன.

சரி, சாவிக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

இணைய முகவரியில் கோடு முன்பக்கம் சாய்ந்திருக்கிறது: / இப்படி. விண்டோஸ் ஃபோல்டர் பாதையில் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது: \ இப்படி. ஏன் இந்த எதிரும் புதிரும்? முதல் டாஸில் ஃபோல்டர் என்பதே கிடையாது! 160 கிலோபைட் ஃப்ளாப்பியில் அதிகபட்சம் 64 ஃபைல். எல்லாம் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். முன்சாய்வுக் கோட்டுக்கு அப்போதே வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். கட்டளையோடு சேர்க்கும் சிறப்புக் குறிப்புகளுக்கு முன்னால் அதுதான் நிற்கும். ஃப்ளாப்பியை ஃபார்மேட் செய்யும்போதே டாஸையும் அதில் ஏற்றிவிடு என்று சொல்ல '/எஸ்' போடுவோமே, அந்த மாதிரி. 1983 மார்ச்சில் ஐபிஎம் எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க்கோடு வந்தது. இத்தனை பெரிய மைதானத்தில் ஒரே கூடமாக எப்படிப் படுப்பது? அறை அறையாகத் தடுத்தாக வேண்டும். ஆகவே டாஸ் 2.0, யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பார்த்து ஃபோல்டர்களைக் கொண்டுவந்தது. யூனிக்ஸில் பாதை பிரிப்பது முன்சாய்வுக் கோடு. இங்கேயோ அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது! பக்கத்தில் சும்மா இருந்த பின்சாய்வுக் கோட்டைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

அந்தப் பின்சாய்வுக் கோடு கீபோர்டுக்கு வந்த கதை தெரியுமா? 1961-ல் பாப் பீமர் என்ற கணினி நிபுணர் எழுத்துக் குறியீட்டில் அதைச் சேர்க்க வைத்தார். ஆல்கால் என்ற கணினி மொழியில் 'மற்றும்', 'அல்லது' என்பதற்குக் கூரையும் குழியும் போல இரண்டு குறிகள் வேண்டியிருந்தன. /\ என்று போட்டால் கூரை, \/ என்று போட்டால் குழி. அதற்காகப் பிறந்த கோடு, இருபத்திரண்டு வருஷம் கழித்து வேறொரு வேலையில் சேர்ந்து, உலகமெங்கும் போய்விட்டது. ஜப்பானில் மட்டும் அந்தக் குறியீட்டு எண்ணில் யென் நாணயக் குறி இருந்ததால், அங்கே டாஸில் ஃபோல்டர்களைப் பிரித்தது கோடில்லை, காசு!

இப்போது கேளுங்கள். டாஸ் 2.0-வை எழுதியவர்களுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். கணினி கிளம்பும்போது படிக்கும் அமைப்பு ஃபைலில் 'ஸ்விட்ச்சார்' என்று ஒரு வரி போட இடம் வைத்தார்கள். அதில் சிறப்புக் குறிப்புக்கான எழுத்தைச் சிறு கோடாக, அதாவது யூனிக்ஸ் மாதிரி, மாற்றிவிட்டால் போதும், பாதைகளில் முன்சாய்வுக் கோடு வந்து உட்கார்ந்துவிடும்! கூடவே 'அவெய்ல்டெவ்' என்று இன்னொரு வரி. அதை 'இல்லை' என்று வைத்தால், கான், பிரிண்டர் போன்ற சாதனப் பெயர்கள் எல்லாம் 'டெவ்' என்ற ஒரே அறைக்குள் போய்விடும். யூனிக்ஸில் இன்றும் இருக்கும் அதே ஏற்பாடு. மற்ற இடமெல்லாம் விடுதலை! 'கான்' என்று ஃபோல்டர் திறக்கலாம், ஃபைல் வைக்கலாம், கேட்க ஆள் இல்லை.

ஆனால் கடையில் வாங்கிய டாஸில் இரண்டும் பழைய மாதிரியேதான் வைக்கப்பட்டிருந்தன. ஃபோல்டர் இல்லாத காலத்து நிரல்கள் பிரிண்டரை ஒரு ஃபைல் பெயராக நினைத்துக் கூப்பிட்டுப் பழகியவை. அவை எந்த ஃபோல்டரில் நின்று கூப்பிட்டாலும் பிரிண்டர் 'இதோ' என்று வர வேண்டுமே! ஆக, எல்லா ஃபோல்டரிலும் அந்தப் பெயர்கள் ஆவி போல உலவவிடப்பட்டன. அடுத்த பெரிய பதிப்பான 3.0-வில் அந்த இரண்டு வரிகளையும் அமைப்பு ஃபைலிலிருந்து எடுத்தே விட்டார்கள். கதவு இருந்தது, சாவி இருந்தது, திறந்தவர்கள்தான் சொற்பம்.

யூனிக்ஸ் மேல் ஏன் இத்தனை ஆசை? அன்றைய மைக்ரோசாஃப்டின் கனவே யூனிக்ஸ்தான்! டாஸை வாங்குவதற்கு முன்பே, 1980 ஆகஸ்டில், யூனிக்ஸின் உரிமம் பெற்று 'ஸீனிக்ஸ்' என்ற பெயரில் அறிவித்திருந்தார்கள். சின்ன வீட்டுக்கு டாஸ், பெரிய வீட்டுக்கு ஸீனிக்ஸ், நாளாவட்டத்தில் இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும் என்பது திட்டம். டாஸ் 2.0-வின் ஃபோல்டர், ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் 'பைப்', எல்லாம் அந்தச் சம்பந்தத்தின் முன்னோட்டம். 1984-ல் யூனிக்ஸின் சொந்தக்காரரான ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்டு, அதுவே யூனிக்ஸ் விற்கும் வியாபாரத்தில் இறங்கியதும், மைக்ரோசாஃப்டின் உற்சாகம் வடிந்தது. நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. நடந்திருந்தால் லினக்ஸ் ஆட்களும் விண்டோஸ் ஆட்களும் இன்று ஒரே பந்தியில் சாப்பிட்டிருப்பார்கள்.

டாஸின் அந்தப் 'பைப்' ஒரு பாவ்லா, தெரியுமா? யூனிக்ஸில் இரண்டு நிரல்களும் ஒரே நேரத்தில் ஓடும், ஒன்று ஊற்ற ஒன்று குடிக்கும். டாஸுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதானே தெரியும்! முதல் நிரலை முழுசாக ஓட்டி, வெளியீட்டை டிஸ்க்கில் ஒரு தற்காலிக ஃபைலில் பிடித்துவைத்து, பிறகு இரண்டாவதை எழுப்பி அதை ஊட்டிவிடும். குழாய் என்று பெயர், நடப்பது குடத்தில் மொண்டு ஊற்றும் வேலை.

அப்படியானால் ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் டாஸ் வரவே இல்லையா? வந்தது! 1986-ல் மைக்ரோசாஃப்ட் அப்படி ஒரு எம்எஸ்-டாஸ் 4.0-வை உண்மையிலேயே செய்து முடித்தது. பின்னணியில் ஒரு நிரல் ஓட, முன்னால் இன்னொன்றில் வேலை பார்க்கலாம். ஐபிஎம் அதைச் சீண்டவில்லை. ஐரோப்பாவில் சில நிறுவனங்கள் மட்டும் வாங்கிக்கொண்டன. பெரியவர்கள் இருவரும் ஓஎஸ்/2 என்ற அடுத்த கனவுக்குப் போய்விட்டார்கள். 1988-ல் ஐபிஎம்மின் டாஸ் 4.0 வந்தபோது எண் மட்டும்தான் ஒன்று, ஆள் வேறு. பழைய ஆளைப் பற்றி ஊரே மறந்துவிட்டது. 2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் டாஸ் 4.00-வின் மூல நிரலைப் பொதுவில் வைத்தபோது, ரே ஆஸி என்ற மென்பொருள் நிபுணர் பத்திரமாக வைத்திருந்த ஃப்ளாப்பிகளிலிருந்து அந்தப் பல்வேலை டாஸின் சோதனைப் பிரதியும் கூடவே வெளியே வந்தது. கில்டாலின் நிறுவனமோ 80-களின் முற்பகுதியிலேயே 'கன்கரன்ட் சிபி/எம்' என்று பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டிவிட்டது!

அதே நிறுவனம் 1988-ல் தானே ஒரு டாஸ் செய்து, டிஆர்-டாஸ் என்று மைக்ரோசாஃப்டின் வீட்டு வாசலிலேயே கடை போட்டது. மெமரி நிர்வாகத்தில் எம்எஸ்-டாஸை விட ஒரு படி முன்னால். அப்புறம் நடந்தது துப்பறியும் கதை. விண்டோஸ் 3.1-இன் சோதனைப் பதிப்பை டிஆர்-டாஸின் மேல் ஓட்டினால், காரணமே இல்லாமல் ஒரு பிழைச் செய்தி! அதைக் கிளப்பிய நிரல்துண்டோ மறைகுறியாக்கி, யாரும் பிரித்துப் படிக்காதபடி மூடிவைக்கப்பட்டிருந்தது. 1992-ல் ஜெஃப் சாப்பல் என்ற நிரலாளர் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார். அடியில் இருப்பது சொந்த டாஸா, அடுத்தவன் டாஸா என்று மோப்பம் பிடிக்கிற வேலை அது! கடையில் விற்ற இறுதிப் பதிப்பில் அந்தத் துண்டு வாயை மூடிக்கொண்டது, ஆனால் உள்ளேயே இருந்தது. வழக்கு நடந்து, 2000 ஜனவரியில் சமாதானமாக முடிந்தது. தொகையை ஒன்பது வருஷம் ரகசியமாக வைத்திருந்தார்கள். 28 கோடி டாலர்! டாஸை வாங்கிய 75,000 டாலரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

சின்னச் சின்ன ஆச்சரியங்களும் உண்டு. பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஃபைல்கள் மாற்றப்பட்ட நேரத்தைப் பாருங்கள், விநாடி எப்போதும் இரட்டைப்படை எண்தான்! நேரத்துக்கு டாஸ் ஒதுக்கிய இடத்தில் விநாடிக்கு மிஞ்சியது ஐந்தே பிட், 32 எண்கள்தான் அடங்கும், ஆகவே இரண்டிரண்டு விநாடியாகத் தாவியது. அதன் காலண்டர் 1980-ல் தொடங்குகிறது, 2107 வரை ஓடும். 4 ஜிபிக்கு மேல் சினிமா ஏறாமல் பென்டிரைவைத் திட்டியிருப்பீர்களே? ஃபைல் அளவை எழுத அன்று நான்கு பைட் விட்டார்கள், அதன் உச்சவரம்பு அது. 160 கிலோபைட் ஃப்ளாப்பி காலத்தில் அது 26,000 ஃப்ளாப்பிக்கும் மேல்! இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் கை தாராளம், திட்டாதீர்கள்.

டாஸுக்குத் தமிழ் தெரியாது. 256 கட்டங்கள் கொண்ட எழுத்துப் பெட்டியில் ஐரோப்பிய எழுத்துகளும் கட்டம் போடும் கோடுகளும் சிரிக்கும் முகமும்கூட இருந்தன, நமக்குத்தான் இடமில்லை. புனேயின் சி-டாக் நிறுவனம் 'ஜிஸ்ட்' என்ற கார்டையே கணினிக்குள் செருகி, டாஸ் நிரல்களில் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளை வரவழைத்தது. மென்பொருள் மறுத்ததை வன்பொருளால் வாங்கிய காலம்!

அப்புறம், இணையக் கடைகளில் மடிக்கணினி தேடும்போது விலை சற்றுக் குறைவாக, 'டாஸ்' என்று போட்டிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது மைக்ரோசாஃப்டுடையது இல்லை, ஃப்ரீடாஸ்! எம்எஸ்-டாஸுக்கு மூடுவிழா நெருங்குகிறது என்று தெரிந்ததும், 1994 ஜூன் 29 அன்று ஜிம் ஹால் என்ற கல்லூரி மாணவர், 'நாமே ஒன்று எழுதிக்கொள்வோம்' என்று அறிவித்தார். 1.0 வர 2006 ஆகிவிட்டது. இன்னமும் வளர்கிறது.

அதில் ஒரு விளையாட்டு விளையாடலாம். இன்றைய விண்டோஸ் நிரல் எதையாவது நோட்பேடில் திறந்தால், முதல் இரண்டு எழுத்து எம், இசட் என்று இருக்கும். டாஸ் 2.0-வில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல்! அதற்குப் பின்னால் ஒரு குட்டி டாஸ் நிரல் சுருண்டு படுத்திருக்கும். அதே விண்டோஸ் நிரலை ஃப்ரீடாஸ் கணினிக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். அந்தக் குட்டி எழுந்து, 'இந்த நிரலை டாஸில் ஓட்ட முடியாது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். அந்த ஒரு வரி மட்டும் டாஸில் ஜோராக ஓடும்!